தற்கொலை உந்துதலின் நரம்பு உளவியலும் லட்சுமி விஜயகுமாரின் தடுப்பாய்வுகளும்

லட்சுமி விஜயகுமார் சென்னையைச் சேர்ந்த மனநல மருத்துவர், தற்கொலைத் தடுப்பு ஆய்வாளர். அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையின் மனநலத் துறையில் பணியாற்றியவர். 1986-ஆம் ஆண்டு 'சினேகா' என்னும் தற்கொலைத் தடுப்பு மையத்தைச் சென்னையில் நிறுவினார். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய தற்கொலைத் தடுப்பு ஆய்வுகளிலும் பங்கேற்றுள்ளார். தற்கொலை உந்துதல் பெரும்பாலும் ஏறி இறங்கும் ஒரு தற்காலிக மனநிலை என்பதும், அந்த நேரத்தைக் கடக்க உதவினால் பெரும்பாலோர் பிழைத்துவிடுவர் என்பதும் இவருடைய பணிகளின் அடிப்படை. மனச்சோர்வு நோயில் மூளை எவ்வாறு இயங்குகிறது என்று ஆராயும் நரம்பு உளவியலும் இதே முடிவை நோக்கி வந்துள்ளது. பூச்சிமருந்து வீட்டுக்கு வீடு இருக்கும் காவிரிப் படுகை போன்ற வேளாண் பகுதிகளுக்கு இந்த முடிவு மிகவும் பொருந்துகிறது.

சிக்கலின் அளவு

உலக அளவில் ஆண்டுதோறும் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கின்றனர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டு இந்தியாவில் 1,70,924 பேர் இவ்வாறு இறந்தனர். இது இலட்சம் பேருக்கு 12.4 என்னும் வீதமாகும். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 19,834 பேர் இறந்தனர். வீதம் 25.9, அதாவது நாட்டின் சராசரியைப் போல் இருமடங்குக்கும் மேல்.

இவை காவல்துறைப் பதிவுகளின் வழியே கிடைக்கும் எண்கள். உண்மை நிலை இதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதை வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி வட்டாரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்திய ஆய்வு காட்டியது. அங்கு நலப் பணியாளர்கள் ஒவ்வொரு இறப்புக்கும் வீடு தேடிச் சென்று, குடும்பத்தாரிடம் விசாரித்துக் காரணத்தைப் பதிவு செய்தனர். 1994 முதல் 1999 வரையிலான காலத்தில் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 95 எனத் தெரியவந்தது. 10 முதல் 19 வயது வரையிலானவர்களில் சிறுவர்களைவிடச் சிறுமிகளின் வீதம் இருமடங்குக்கும் மேல் இருந்தது.

பதிவு குறைவதற்குச் சமூகக் காரணங்கள் உண்டு. வழக்கு வரும், ஊர் பேசும், பெண்ணுக்கு வரன் அமையாது என்ற அச்சத்தில் குடும்பங்கள் உண்மையை மறைக்கின்றன. 'தீராத வயிற்றுவலி' என்ற சொற்றொடர் தமிழ் நாளிதழ்ச் செய்திகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வருவதற்குப் பின்னால் இந்த அச்சமும் இருக்கிறது.

காவிரிப் படுகையின் சூழல்

திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியும் நெல்லை நம்பி வாழ்பவை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் சூன் 12. அந்த நாள் தள்ளிப்போனால் குறுவை குறைகிறது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் சம்பா கருகுகிறது. 2016-ஆம் ஆண்டு இரண்டும் நேர்ந்தன. 2017 சனவரியில் தமிழ்நாடு அரசு மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. அந்தப் பருவத்தில் படுகை மாவட்டங்களில் உழவர்கள் இறந்த செய்திகள் தொடர்ந்து வெளிவந்தன. மறு ஆண்டு, 2018 நவம்பர் 16 அன்று, கசா புயல் கரையைக் கடந்தது. திருவாரூர் மாவட்டத்தில் முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி பகுதிகளில் தென்னையும் வீடுகளும் விழுந்தன.

கருகிய பயிரும் கட்ட முடியாத கடனும் பெருந்துயரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே அளவு கடனும் ஒரே அளவு இழப்பும் உள்ள பலரில் மிகச் சிலரே தற்கொலையை நோக்கிச் செல்கின்றனர். மேலும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதியும் காரணங்களில் முதல் இரண்டு இடங்களில் இருப்பவை குடும்பச் சிக்கலும் நோயும். ஆகவே, வெளியில் நிகழும் துயரத்தோடு உள்ளே மூளையில் நிகழ்வதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளக்கம் முழுமை பெறும்.

படுகைக்கு உரிய இன்னொரு கூறும் உண்டு. வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியை இங்கு 'மருந்து' என்றே சொல்வர். மீந்த மருந்து பரணிலோ மாட்டுக்கொட்டகையிலோ கதவு மூலையிலோ அடுத்த பருவம் வரை கிடக்கும். கொடிய நஞ்சு அரிசி மூட்டையைப் போல வீட்டுப் பொருள்களில் ஒன்றாகிவிடுகிறது.

மனச்சோர்வும் மூளையும்

அன்றாடப் பேச்சில் 'மன அழுத்தம்' என்ற சொல் எல்லாக் கவலைகளையும் குறிக்கிறது. மருத்துவம் மனச்சோர்வு நோய் என்று சொல்வது வேறு. குறைந்தது இரண்டு வாரங்களுக்கு நாளின் பெரும்பகுதி நீடிக்கும் துயரம் அல்லது எதிலும் நாட்டமின்மை, அதனுடன் உறக்கக் கேடு, பசியில் மாற்றம், சோர்வு, கவனக் குறைவு, குற்ற உணர்வு, 'நான் எதற்கும் உதவாதவன்' என்னும் எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு ஆகியவற்றில் பல சேர்ந்திருப்பது இந்நோயின் அடையாளம். கிராமப்புறங்களில் இது துயரமாகச் சொல்லப்படாமல் உடம்பு வலி, அசதி, நெஞ்சு படபடப்பு, வயிற்றெரிச்சல் என்றே மருத்துவரிடம் சொல்லப்படுவதும் உண்டு.

மூளையின் சில பகுதிகள் இந்நோயில் முதன்மை பெறுகின்றன. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி திட்டமிடவும், உந்துதலைக் கட்டுப்படுத்தவும், ஒன்றோடொன்று எடைபோட்டுத் தேர்ந்தெடுக்கவும் உதவுகிறது. அமிக்டலா அச்சத்தையும் ஆபத்தையும் உணர்த்துகிறது. இப்போகாம்பசு நினைவுகளைப் பதிவு செய்கிறது. மனச்சோர்வில் அச்சத்தை உணர்த்தும் பகுதி மிகையாகவும் கட்டுப்படுத்தும் பகுதி குறைவாகவும் இயங்கும் போக்கு பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. நெருக்கடிக் காலத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் இயக்குநீர் நீண்ட காலம் உயர்ந்தே இருப்பதும் பலரிடம் தெரிகிறது.

தற்கொலை முயற்சிக்கும் மூளையின் வேதியியலுக்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவாகச் சுட்டியவர்களில் ஒருவர் சுவீடனைச் சேர்ந்த மனநல மருத்துவர் மரீ ஓசுபெர்க். 1976-ஆம் ஆண்டு வெளியான அவருடைய ஆய்வில் மனச்சோர்வு நோயாளிகள் 68 பேரின் மூளைத் தண்டுவட நீர் சோதிக்கப்பட்டது. செரோட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருள் குறைவாக இருந்தவர்களில் 40 விழுக்காட்டினர் தற்கொலைக்கு முயன்றிருந்தனர். அது கூடுதலாக இருந்தவர்களிலோ 15 விழுக்காட்டினரே முயன்றிருந்தனர். எல்லோருக்கும் மனச்சோர்வு இருந்தும் இந்த வேறுபாடு தெரிந்தது. மனச்சோர்வின் கடுமையைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் வேலை செய்கிறது என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது.

சோதனைகள் காட்டும் நான்கு குறுக்கங்கள்

நினைவாற்றல், கவனம், முடிவெடுத்தல் போன்ற திறன்களைச் சோதனைகளால் அளந்து, அவற்றை மூளையின் இயக்கத்தோடு இணைத்துப் பார்ப்பது நரம்பு உளவியல். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் நடந்த சோதனைகள் நான்கு வகையான குறுக்கங்களைக் காட்டியுள்ளன.

முதலாவது, நினைவின் குறுக்கம். பிரிட்டன் உளவியலாளர் மார்க் வில்லியம்சு 1986-இல் இதனை விளக்கினார். 'மகிழ்ச்சி' போன்ற ஒரு சொல்லைக் கொடுத்து, அது தொடர்பாகத் தம் வாழ்வில் நடந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சொல்லுமாறு கேட்பது அவருடைய சோதனை. மற்றவர்கள் 'போன பொங்கலுக்கு அண்ணன் வந்த அன்று' என்பதுபோல் ஒரு நாளைச் சுட்டிச் சொல்வர். தற்கொலைக்கு முயன்றவர்களோ 'வீட்டில் எல்லாரும் கூடும்போது' என்பதுபோல் பொதுவாகச் சொல்லும் போக்கு மிகுந்திருந்தது. முன்பு ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தோம் என்ற குறிப்பான நினைவு வராதபோது, இப்போதைய சிக்கலுக்கு வழி காண்பதும் கடினமாகிறது.

இரண்டாவது, எதிர்காலத்தின் குறுக்கம். ஆண்ட்ரூ மக்லியோடின் ஆய்வுகளில், வரும் நாள்களில் எதிர்பார்க்கும் நல்லவற்றையும் தீயவற்றையும் பட்டியலிடுமாறு கேட்கப்பட்டது. தற்கொலை எண்ணம் உடையவர்கள் தீயவற்றை மற்றவர்களைவிட அதிகமாகச் சொல்லவில்லை. நல்லவற்றைத்தான் மிகக் குறைவாகச் சொன்னார்கள். ஆரோன் பெக் 'நம்பிக்கையின்மை' என்று பெயரிட்டு 1970-களில் அளவுகோல் உருவாக்கிய மனநிலையோடு இது நெருங்கியது.

மூன்றாவது, தேர்வின் குறுக்கம். நான்கு சீட்டுக் கட்டுகளிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுக்கும் 'அயோவா சூதாட்டச் சோதனை'யில் இரண்டு கட்டுகள் பெரிய பரிசைக் காட்டி, அதைவிடப் பெரிய இழப்பைத் தரும். மற்ற இரண்டும் சிறிய பரிசு தந்து, முடிவில் இலாபம் தரும். பெரும்பாலோர் சிறிது நேரத்தில் நல்ல கட்டுகளுக்கு மாறிவிடுவர். பிரெஞ்சு மனநல மருத்துவர் ஃபாப்ரிசு சோலான் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலைக்கு முயன்றவர்கள் இந்தச் சோதனையில் பின்தங்கினர். அந்நேரத்தில் அவர்களுக்கு மனச்சோர்வு தணிந்திருந்தும் இந்த நிலை காணப்பட்டது.

நான்காவது, பிறரைப் பார்ப்பதில் ஏற்படும் குறுக்கம். தற்கொலைக்கு முயன்ற வரலாறு உடையவர்கள் சினம் கொண்ட முகப் படங்களைக் காணும்போது, கண்குழிக்கு மேலுள்ள புறணிப் பகுதி கூடுதலாகத் தூண்டப்படுவதைச் சோலானின் குழு 2008-இல் காட்டியது. பிறர் முகத்தில் தெரியும் கடுமை அவர்களுக்குக் கூடுதல் எடையோடு படுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். மாமியாரின் ஒரு சொல், கடன்காரரின் ஒரு பார்வை, ஆசிரியரின் ஒரு கேலி சிலரை மட்டும் அந்த அளவுக்குக் காயப்படுத்துவது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள இது ஓரளவு உதவுகிறது.

இவற்றை ஒன்றிணைத்து அமெரிக்க ஆய்வாளர் சான் மன் 1999-இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். மரபு, இளமைக்கால அனுபவம், மூளை வேதியியல் ஆகியவற்றால் சிலருக்கு முன்சார்பு இருக்கும். நோயோ இழப்போ அவமானமோ தூண்டுதலாக வரும். இரண்டும் சந்திக்கும்போதே உந்துதல் எழுகிறது. பயிர் கருகிய ஊரில் எல்லோரும் ஒரே முடிவுக்குச் செல்லாததன் காரணம் இதனால் விளங்கும்.

உந்துதலின் கால அளவு

இந்தக் குறுக்கம் நிலையானதன்று. ஆசுதிரியாவின் இன்சுபுருக் நகரில் தற்கொலைக்கு முயன்று பிழைத்த 82 பேரிடம், எண்ணம் தோன்றியதற்கும் முயற்சிக்கும் இடையே எவ்வளவு நேரம் சென்றது என்று கேட்கப்பட்டது. ஏறத்தாழப் பாதிப்பேர் பத்து நிமிடங்கள் அல்லது அதற்கும் குறைவான நேரத்தைச் சொன்னார்கள். 2009-இல் வெளியான இந்த ஆய்வோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துக் காண வேண்டும். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை என்பது பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு முடிவு. 'சாக நினைத்தவன் எப்படியும் செத்தே தீருவான்' என்ற ஊர்ப் பேச்சுக்கு ஆய்வு ஆதாரம் இல்லை.

லட்சுமி விஜயகுமாரின் ஆய்வுகள்

லட்சுமி விஜயகுமாரும் எஸ். ராஜ்குமாரும் 1999-இல் வெளியிட்ட சென்னை ஆய்வு, தற்கொலையால் இறந்த 100 பேரை அதே சூழலில் வாழும் 100 பேரோடு ஒப்பிட்டது. மனநோய், குடும்பத்தில் மனநோய் வரலாறு, இறப்புக்கு முந்தைய மாதத்தில் நிகழ்ந்த துயர நிகழ்வு ஆகியவை இறந்தவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டன. இந்தியாவில் தற்கொலைக்குச் சமூகத் துயரமே காரணம், மனநோய்க்குப் பங்கில்லை என்ற கருத்தை இந்த ஆய்வு கேள்விக்கு உள்ளாக்கியது. நோயும் துயரமும் சேர்ந்தே வருகின்றன என்பதே அதன் முடிவு.

அடுத்தது, மனிதத் தொடர்பு பற்றிய ஆய்வு. சென்னை, கொழும்பு, பிரேசிலின் காம்பினாசு, ஈரானின் கராசு, சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய இந்த ஆய்வில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மறு பிரிவினருக்கு அதனோடு ஒரு மணி நேர விளக்க உரையாடலும், 18 மாதங்களில் தொலைபேசி வழியாகவோ நேரிலோ ஒன்பது முறை நலம் விசாரிப்பும் கிடைத்தன. 2008-இல் வெளியான முடிவின்படி, 18 மாதங்களில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 0.2 விழுக்காடு. விலை உயர்ந்த கருவியோ மருந்தோ இதில் இல்லை. 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்க ஒருவர் குறித்த நாளில் தவறாமல் வந்தார் என்பதே வேறுபாடு.

மூன்றாவது ஆய்வு காவிரிப் படுகையின் வடகோடியில் நடந்தது. கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோவில் பகுதியில், பூச்சிமருந்துப் புழக்கம் மிகுந்த சிற்றூர்களில், மருந்துகளுக்கான பொதுச் சேமிப்பறைகள் கட்டப்பட்டன. வங்கிப் பெட்டகங்களைப் போல ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிப் பூட்டுப் பெட்டி ஒதுக்கப்பட்டது. உழவர் வேண்டும்போது வந்து, பொறுப்பாளர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, தேவையானதை எடுத்து, மீந்ததைத் திரும்ப வைத்துவிடுவார். 2013-இல் வெளியான இந்த ஆய்வு, ஊர்மக்கள் இந்த ஏற்பாட்டை ஏற்றுப் பயன்படுத்தியதையும், சேமிப்பறை இருந்த ஊர்களில் பூச்சிமருந்தால் நிகழும் தற்கொலை முயற்சிகள் குறைந்ததையும் பதிவு செய்தது. வீட்டுக்கும் சேமிப்பறைக்கும் இடையே உள்ள நடையும், அங்கே இருக்கும் ஒரு மனிதரும், உந்துதல் தணியத் தேவையான நேரத்தைத் தருகின்றனர்.

இலங்கையின் அனுபவம்

இலங்கையில் 1995-ஆம் ஆண்டு தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்தது. 1980-களின் நடுப்பகுதி தொடங்கி, மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளுக்கு அந்நாட்டு அரசு படிப்படியாகத் தடை விதித்தது. 2005-இல் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து 24 ஆனது. அதன் பின்னரும் குறைந்தது. தடைகளால் நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டின.

அதே நாட்டில் வேறொரு முயற்சி பலனளிக்கவில்லை. வடமத்திய மாகாணத்தின் 180 சிற்றூர்களில் 53,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை உள்ளடக்கிய பெரிய ஆய்வில், ஒரு பகுதி வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. 2017-இல் வெளியான முடிவில் பெட்டி பெற்ற ஊர்களுக்கும் பெறாத ஊர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பெட்டியும் சாவியும் ஒரே வீட்டில் இருக்கும்போது இடைவெளி உண்டாவதில்லை. காட்டுமன்னார்கோவில் முறையில் மருந்து வீட்டைவிட்டு வெளியேறுகிறது. தடையிலோ கடைக்கே வருவதில்லை. இவற்றுக்கு இடையிலான வேறுபாடு கொள்கை வகுப்போருக்கு முக்கியமானது. காட்டுமன்னார்கோவில் ஆய்வு சில ஊர்களில் மட்டும் நடந்த முன்னோட்டம் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

சட்டமும் அரசு நடவடிக்கைகளும்

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் பிரிவு 309, தற்கொலை முயற்சியை ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்கியது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. பிழைத்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதற்கோ நடந்ததை மருத்துவரிடம் சொல்வதற்கோ குடும்பத்தினர் அஞ்சத் தேவையில்லை.

தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டு இறுதியில் ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை விதித்தது. மாநில அரசுகள் தற்காலிகத் தடை மட்டுமே விதிக்க நடுவணரசின் பூச்சிக்கொல்லிச் சட்டம் இடமளிக்கிறது. நிலையான தடை நடுவணரசின் கையில் உள்ளது. பொதுத்தேர்வில் தோற்ற மாணவர்கள் அதே ஆண்டே மீண்டும் எழுத வழிசெய்யும் உடனடித் தேர்வும் தற்கொலைத் தடுப்போடு தொடர்புடைய ஏற்பாடு. ஓராண்டு வீணாகும் என்ற எண்ணத்தால் மூடிப்போகும் எதிர்காலத்தை அது சில வாரத் தொலைவில் திறந்து காட்டுகிறது.

ஆய்வின் வரம்புகள்

மூளைப் படமோ இரத்தச் சோதனையோ ஒரு குறிப்பிட்ட மனிதர் தற்கொலைக்கு முயல்வாரா என்று சொல்லிவிட முடியாது. மேலே கண்டவை குழுக்களுக்கு இடையிலான சராசரி வேறுபாடுகள். பெரும்பாலான மூளை ஆய்வுகள் மேலை நாடுகளில், சிறு எண்ணிக்கையினரிடம் நடந்தவை. முன்சார்பு என்பது தலைவிதியும் அன்று. மனச்சோர்வு நோய்க்கு மருந்தும் உளவியல் சிகிச்சையும் பலனளிக்கின்றன. மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அந்த வாரங்களில் உடனிருப்பவர்களின் கவனம் மிகவும் தேவை.

கடனையும் பாசன நீரையும் விளைபொருள் விலையையும் நரம்பு உளவியல் தீர்த்துவிடாது. அவற்றுக்கான தீர்வு வேறு இடத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்வு வரும்வரை ஒருவர் உயிரோடு இருக்க என்ன செய்யலாம் என்பதற்கு இந்த ஆய்வுகள் விடை தருகின்றன.

கவனிக்க வேண்டியவையும் உதவியும்

சாவைப் பற்றிப் பேசுதல், 'நான் இல்லாவிட்டால் உங்களுக்குப் பாரம் குறையும்' என்பது போன்ற சொற்கள், உறக்கமின்மை, மற்றவர்களிடமிருந்து ஒதுங்குதல், திடீரெனக் குடி கூடுதல், பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டுவதில்லை. பேச வழி திறக்கிறது. அறிவுரையும் கண்டிப்பும் பின்னால் இருக்கட்டும். முதலில் தேவைப்படுவது குறுக்கிடாமல் கேட்பதும், தனியே விடாமல் இருப்பதும், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்துவதும், மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் ஆகும்.

திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரை அணுகலாம். தமிழ்நாடு அரசின் 104, நடுவணரசின் 'டெலி மானசு' சேவையின் 14416, சினேகாவின் 044-24640050 ஆகிய எண்களில் தமிழிலேயே பேசலாம்.